ஒவ்வொரு கேட்டும் ஒரு ஜங்ஷன்தான்: நடைபாதையில சைக்கிளும் வண்டியும் மோதாம இருக்க

நடக்கறவங்களும் சைக்கிள்காரங்களும் சேர்ந்து போகலாம்னு விட்டிருக்கற பாதையில ஏறினதுமே ஒரு நிம்மதி வந்துரும், அப்பாடா இனிமே பஸ்ஸு லாரி பயம் இல்லைன்னு தோள் ரெண்டும் தளர்ந்துரும், பிரேக் மேல இருந்த விரலை எடுத்துருவோம், அந்த நேரம் பாத்துதான் பக்கத்து கேட்லேர்ந்து ஒரு காரோட மூக்கு வெளிய வரும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. பெரிய வேகம்லாம் இல்ல, 20 கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கும், ஆனா விரல் பிரேக்குக்குப் போறதுக்குள்ள முன் சக்கரம் பம்பர்ல இடிச்சு, ஹேண்டில்பார் சட்டுனு திரும்பி அதோட முனை வயித்துல குத்திருச்சு. காரை ஓட்டிட்டு வந்தவரு இறங்கி ஓடி வந்தாரு, கை நடுங்குது அவருக்கு, "சத்தியமா பாத்துட்டுதாங்க வந்தேன்"னு திரும்பத் திரும்பச் சொன்னாரு. அப்போ எனக்கு வந்தது கோவம் மட்டும்தான். ரெண்டு வாரம் கழிச்சு அதே வீட்டுக்குப் போய், அவர்கிட்ட கேட்டு, அவரோட சீட்ல உக்காந்து பாத்தேன். மனுஷன் பொய் சொல்லல. ஒரு பக்கம் கேட் தூணு, இன்னொரு பக்கம் தலை உயரத்துக்கு வளர்ந்த செடி, நடுவுல ரோடு மட்டும் பளிச்சுனு தெரியுது, பாதையில வர்ற ஆளு தெரியவே இல்ல.

அன்னைலேர்ந்து நான் ஓட்டற விதமே மாறிப்போச்சு. பாதையோட நீளத்துல ஆபத்து கம்மிதான், ஆனா வண்டி எங்கெல்லாம் அந்தப் பாதையைக் குறுக்கால வெட்டுதோ, வீட்டு கேட்டு, பார்க்கிங் வாசல், பெட்ரோல் பங்க் வழி, சந்து முனை, அங்கதான் மொத்த ஆபத்தும் கூடி நிக்குது. ரோட்ல ஒரு ஜங்ஷன் வந்தா நாம எவ்வளவு உஷாரா ஆவோமோ அதே உஷார் ஒவ்வொரு கேட்டுக்கும் வேணும். அதை எப்படிப் பண்றதுன்னுதான் இங்க எழுதறேன், சைக்கிள்காரங்களுக்கு மட்டும் இல்ல, கேட்லேர்ந்து வண்டி எடுக்கறவங்களுக்கும் சேர்த்துதான்.

பாத்தும் ஏன் தெரியாம போகுது

முதல்ல இதைப் புரிஞ்சுக்கணும், இல்லைன்னா மத்ததெல்லாம் மனசுல ஒட்டாது. நடக்கற ஆளு மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வேகத்துல போவாரு, அதாவது ஒரு செகண்டுக்கு 1.4 மீட்டர். 20ல வர்ற சைக்கிள் ஒரு செகண்டுக்கு 5.6 மீட்டர், நாலு மடங்கு. இப்போ ஒருத்தரு காரை வெளிய எடுக்கறாரு, பாதையைத் தாண்ட அவருக்கு மூணு செகண்ட் ஆகும்னு வெச்சுக்கோங்க. அந்த மூணு செகண்டுல நடக்கறவரு 4 மீட்டர்தான் வருவாரு, சைக்கிள் 17 மீட்டர் வந்துரும். நடைபாதைன்னாலே நடக்கற ஆளைத்தான் ஓட்டறவரோட கண்ணு தேடும், அதனால ரெண்டு பக்கமும் நாலஞ்சு மீட்டர் பாத்துட்டு யாரும் இல்லைன்னு முடிவு பண்ணிடுவாரு. பொறுப்பில்லாதவருன்னு சொல்ல முடியாது, அவரு பாத்தாரு, ஆனா பாக்க வேண்டிய தூரம் பாக்கல, அந்த நேரம் நாம 15 மீட்டர் தள்ளி வந்துட்டு இருப்போம்.

அடுத்தது தலை திரும்பற பக்கம். ரோட்ல ஏறப் போறவரு எந்தப் பக்கத்துலேர்ந்து வண்டி வருமோ அந்தப் பக்கம்தான் பாத்துட்டே இருப்பாரு, இடைவெளி கிடைச்ச நொடியில கால் ஆக்ஸிலேட்டரை அழுத்திரும். எதிர்ப்பக்கத்துலேர்ந்து பாதையில வர்ற சைக்கிள் அவரு கண்ணுல படவே படாது. ஃபின்லாந்துல ஹெல்சிங்கியில டிரைவர்களோட தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு கேமரா வெச்சே ஆராய்ஞ்சு 1996ல வெளியிட்டாங்க, அதுல வந்ததும் இதேதான், திரும்பற டிரைவர்கள் தனக்கு இடிக்கற வண்டி வரக்கூடிய பக்கம் மட்டும் பாக்கறாங்க, மறுபக்க சைக்கிள் பாதையைப் பாக்கறதே இல்ல. இடது பக்கம் ஓட்டற நாடோ வலது பக்கம் ஓட்டற நாடோ, பக்கம்தான் மாறும், பழக்கம் ஒண்ணுதான். அதனால பக்கத்து லேன்ல வர்ற வண்டிங்களுக்கு எதிர்த்திசையில நீங்க பாதையில போய்ட்டு இருந்தா, கேட்டுக்குள்ள இருக்கறவரு உங்களைப் பாத்திருக்க மாட்டாருன்னே வெச்சுக்கிட்டு ஓட்டுங்க.

இன்னும் ஒண்ணு இருக்கு, இது பல வருஷமா கார் ஓட்டறவங்களுக்கே தெரியாது. முன் கண்ணாடிக்கு ரெண்டு ஓரத்துலயும் மேல கூரையைத் தாங்கற தூண் மாதிரி ஒரு சட்டம் இருக்குமே, அது ஒரு முழு சைக்கிளையும் ஆளையும் மறைக்கும். காரும் சைக்கிளும் நகர்ந்துட்டேதானே இருக்கு, எப்படியும் ஒரு நொடியில வெளிய தெரிஞ்சுரும்னு நினைப்போம். ஆனா மோதப் போற ரெண்டு பொருள் ஒண்ணுக்கொண்ணு அதே கோணத்துலயேதான் நெருங்கி வரும், கப்பல்காரங்க இதை வெச்சுதான் எதிர்க் கப்பலோட திசைக்கோணம் மாறாம இருந்தா மோதப் போறோம்னு கண்டுபிடிப்பாங்க. அப்போ மோதப் போற சைக்கிள்தான் அந்தச் சட்டத்துக்குப் பின்னாடியே கடைசிவரைக்கும் ஒளிஞ்சு வரும். ஓட்டறவரு சீட்லேர்ந்து கொஞ்சம் முன்னாடி குனிஞ்சு தலையை ஒரு ஜாண் அசைச்சாப் போதும், தெரிஞ்சுரும்.

சைக்கிள்ல போறவங்க மாத்திக்க வேண்டியது

நான் முதல்ல மாத்தினது, சுவரை ஒட்டிப் போறதை. நடக்கறவங்களுக்கு வழி விடணும்னு நல்ல மனசோட காம்பவுண்ட் சுவரை உரசிட்டே போவோம், அதுதான் ரொம்ப ஆபத்து. கணக்கு ரொம்ப சுலபம். காரோட பம்பர் சுவர்க் கோட்டுக்கு வந்தப்போ ஓட்டறவரோட கண்ணு ரெண்டு மீட்டருக்கு மேல உள்ளதான் இருக்கும், ஏன்னா பானெட் நீளம் அவ்வளவு. அவரு கண்ணுலேர்ந்து கேட் தூணைத் தொட்டு ஒரு நூல் பிடிச்சா, அந்த நூலுக்கு அந்தாண்ட இருக்கறது மட்டும்தான் தெரியும், இந்தாண்ட சுவரோரம் இருக்கறது எதுவும் தெரியாது. சுவர்லேர்ந்து அரை மீட்டர் தள்ளி நீங்க போனா தூணுக்கு ஒரு அடி தூரத்துல வந்தப்பதான் அவருக்குத் தெரிவீங்க. ரெண்டு மீட்டர் தள்ளிப் போனா அதைவிட நாலு மடங்கு தூரத்துலேர்ந்தே தெரிய ஆரம்பிச்சுருவீங்க, நீங்களும் அவரோட பம்பரை அவ்வளவு முன்னாடியே பாத்துருவீங்க. சுவர்லேர்ந்து எவ்வளவு மடங்கு தள்ளுறீங்களோ தெரியற தூரமும் அத்தனை மடங்கு. அதுக்கும் மேல, கார் உங்களைத் தொடணும்னா அந்த ரெண்டு மீட்டரை அது தாண்டி வரணும், மெதுவா வர்ற கார்னா அதுலயே ஒண்ணரை செகண்ட் கிடைக்கும்.

அதுக்காக ரோட்டு ஓரத்துக்கே போய் ஒட்டிக்காதீங்க, அங்க கம்பம் இருக்கும், நிறுத்தி வெச்ச காரோட கதவு திறக்கும், கதவு ஒண்ணு முழுசா திறந்தா ஒரு மீட்டர் வரைக்கும் வெளிய வரும். பாதை அகலமா இருந்தா நடுவுலேர்ந்து கொஞ்சம் ரோட்டுப் பக்கம், நடக்கறவங்க வந்தா அவங்களுக்காக வேகத்தைக் குறைங்க, சுவரோரம் ஒதுங்காதீங்க, நான் அப்படித்தான் போறேன்.

இப்போ வேகம். பிரேக் நல்லா இருந்து, தரை காய்ஞ்சிருந்து, ஆபத்தைப் பாத்து ஒரு செகண்டுல விரல் அழுத்தினா, 10 கிலோமீட்டர் வேகத்துல போறவரு ஏறக்குறைய 4 மீட்டர்ல நின்னுருவாரு. 20ல போனா கிட்டத்தட்ட 10 மீட்டர் வேணும். 25ல 13 மீட்டர். ஐரோப்பிய யூனியன்ல சாதாரண எலக்ட்ரிக் சைக்கிளுக்கு மோட்டார் உதவி 25 கிலோமீட்டர்ல நின்னுடணும்னு விதி, அந்த 25ங்கறது ரோட்டுக்குச் சரி, கேட்டு கேட்டா இருக்கற நடைபாதையில அந்த வேகத்துல போனா நிறுத்தறதுக்கு இடமே கிடைக்காது. ஈரத் தரையில, அதுவும் ரிம்மைப் பிடிக்கற பழைய மாடல் பிரேக்னா, இந்தக் கணக்கு இன்னும் மோசம். கேட்டு வரிசையா இருக்கற பகுதியில 10லேர்ந்து 12க்குள்ள போங்க, திறந்த வெளியா ரெண்டு பக்கமும் தெரியற இடத்துல வேணா கொஞ்சம் கூட்டிக்கோங்க. உண்மையாவே சீக்கிரம் போய்ச் சேரணும்னா, அந்த ரோடு தாங்கும்னா, ரோட்ல இறங்கிப் போறதுதான் நல்லது, ஏன்னா அங்க டிரைவர்கள் வண்டியை எதிர்பாத்துத்தான் பாக்கறாங்க.

எல்லா கேட்டையும் ஒரே மாதிரி பயந்துட்டே போக முடியாது, களைச்சுப் போயிருவோம். கேட்டைப் படிக்கக் கத்துக்கணும். தரையைப் பாருங்க, பாதை ஒரு இடத்துல சரிஞ்சு இறங்கி டயர் தடமும் எண்ணெய்க் கறையும் இருந்தா அங்க வண்டி அடிக்கடி வரும். கேட் மூடி இருந்து பூட்டு தொங்குதுன்னா கவலை இல்ல. பாதி திறந்திருக்கு, யாரோ ஒருத்தர் கேட்டைப் பிடிச்சுட்டு நிக்கறாரு, உள்ளேர்ந்து வெள்ளை ரிவர்ஸ் லைட் சுவர்ல அடிக்குது, தானா திறக்கற கேட் ஓரத்துல விளக்கு மினுக்குது, இதெல்லாம் பாத்தாலே கை பிரேக்குக்குப் போயிரணும். சத்தத்தை நம்பாதீங்க, எலக்ட்ரிக் கார் மெதுவா வந்தா காதுல விழற மாதிரி பெருசா ஒண்ணும் கேக்காது. அதனாலதான் ரெண்டு காதுலயும் ஹெட்ஃபோன் மாட்டிட்டு ஓட்ட வேணாம்னு சொன்னாலும் காதை மட்டும் நம்பி கேட்டைத் தாண்டாதீங்கன்னும் சேர்த்தே சொல்றேன்.

வண்டி நின்னுட்டு இருக்கு, தாண்டலாமா வேணாமான்னு முழிக்கறப்போ பலரும் ஓட்டறவரோட முகத்தைப் பாக்கச் சொல்லுவாங்க. பாருங்க, தப்பில்ல, ஆனா அவரு கண்ணு உங்க பக்கம் இருந்தாலும் மனசு உங்களுக்குப் பின்னாடி வர்ற பஸ் மேல இருக்கலாம், கண்ணாடியில வானம் பிரதிபலிச்சா முகமே தெரியாது. நான் முன் சக்கரத்தைப் பாப்பேன். அக்கா பையனுக்கு சைக்கிள் பழக்கினப்போ இதைத்தான் முதல்ல காட்டினேன், ஒரு பார்க்கிங் வாசலுக்குப் பக்கத்துல நின்னு, "டேய், வண்டியைப் பாக்காத, சக்கரத்துல அந்த வெள்ளிக் கம்பிங்க இருக்கு பாரு, அது சுத்துதா நிக்குதான்னு மட்டும் பாரு"ன்னு சொன்னேன். காரோட உடம்பு ஒரு விரல்கடை நகர்ந்தா நமக்குத் தெரியாது, ஆனா சக்கரத்துல இருக்கற கம்பி அசைஞ்சா உடனே தெரியும். பத்து கார் பாத்ததும் பையன், "மாமா, இது வரப் போகுது"ன்னு கார் நகர்றதுக்கு முன்னாடியே சொல்ல ஆரம்பிச்சுட்டான். சக்கரம் எந்தப் பக்கம் வளைஞ்சிருக்குன்னும் பாருங்க, வண்டி எங்க திரும்பப் போகுதுன்னு இண்டிகேட்டரை விட அது சரியாச் சொல்லும்.

பிரேக் பிடிக்கற பழக்கமும் முக்கியம். கேட்டுக்கு முன்னாடி மிதிக்கறதை நிறுத்திட்டு ரெண்டு பிரேக் மேலயும் ரெண்டு ரெண்டு விரலை வெச்சுக்கோங்க, அழுத்த வேணாம், தயாரா இருந்தாப் போதும், அதுலயே அரை செகண்ட் வரைக்கும் மிச்சமாகும். பின் பிரேக்கை மட்டும் பிடிக்கற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, முன் பிரேக் பிடிச்சா தலைகுப்புற விழுவோம்னு சின்ன வயசு பயம். நிறுத்தற சக்தி பெரும்பகுதி முன் சக்கரத்துலதான் இருக்கு, பின்னாடி மட்டும் பிடிச்சா சக்கரம் வழுக்கிட்டே போகுமே தவிர நிக்காது. ரெண்டையும் சேர்த்து, படிப்படியா அழுத்தி, உடம்பைப் பின்னாடி தள்ளி, ஆளில்லாத இடத்துல பத்து தடவை பழகிப் பாருங்க.

சந்து முனையில பாதை ரோட்டைக் கடக்கற இடம் இன்னும் கவனம். மெயின் ரோட்லேர்ந்து சந்துக்குள்ள திரும்பற கார் உங்களுக்குப் பின்னாடிலேர்ந்து வரும், அதை நீங்க பாக்க மாட்டீங்க, அவரும் உங்களை மரத்துக்கும் நிறுத்தின காருக்கும் பின்னாடி தொலைச்சிருப்பாரு. அதனால முனைக்கு 10 மீட்டர் முன்னாடியே ஒரு தடவை தோளுக்கு மேல திரும்பிப் பாத்துருங்க. லாரியோ பஸ்ஸோ திரும்புதுன்னா அதுக்குப் பக்கத்துல உள்பக்கமா போய் நிக்கவே நிக்காதீங்க, முன் சக்கரம் போன வழியில பின் சக்கரம் போகாது, உள்ள வெட்டிட்டு வரும், நடைபாதை முனையிலயே ஏறி இறங்கும். பாதை ஓரத்துல கல் விளிம்பு இருந்தா சாய்வா ஏறாதீங்க, முன் டயர் அதுல சறுக்கி ரோட்டுப் பக்கமா விழுவீங்க, நேரா குறுக்கால ஏறுங்க.

ராத்திரிக்கு முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு, பெடல்ல ரிஃப்ளெக்டர். பெடல் ரிஃப்ளெக்டர் சின்ன விஷயமா தெரியும், ஆனா அது மேலயும் கீழயும் போறதைப் பாத்ததும் இது ஒரு சைக்கிள்னு டிரைவருக்குப் பட்டுனு புரிஞ்சுரும். முன் லைட்டைக் கொஞ்சம் கீழ சாய்ச்சு வைங்க, எதிர்ல நடந்து வர்றவங்க கண்ணு கூசினா அவங்களுக்கு எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னே தெரியாது.

கேட்லேர்ந்து வண்டி எடுக்கறவங்களுக்கு

நீங்க ரெண்டு தடவை நிக்கணும். ஒரு தடவை பாதைக்கு முன்னாடி, இன்னொரு தடவை ரோட்டுக்கு முன்னாடி. பெரும்பாலானவங்க ரோட்டு விளிம்புல ஒரே தடவைதான் நிக்கறாங்க, அப்போ கார் ஏற்கனவே பாதை முழுக்க அடைச்சுட்டு நிக்கும், அதுக்குள்ள யாராச்சும் இடிச்சிருந்தா இடிச்சதுதான். முதல் நிறுத்தம் பம்பர் சுவர்க் கோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி. அங்கேர்ந்து ஒரு சாண் ஒரு சாணா நகர்த்துங்க, கண்ணாடியை இறக்கி விடுங்க, பாட்டை அணைங்க, மணிச் சத்தமும் குரலும் அப்போதான் கேக்கும். ரெண்டு பக்கமும் பாத்துட்டு மறுபடியும் முதல் பக்கம் பாருங்க. ரோட்ல இடைவெளி கிடைச்சதும் பாய்ற அந்த நொடியில, காலை அழுத்தறதுக்கு முன்னாடி, வண்டி வராத பக்கத்துப் பாதையை ஒரு தடவை பாருங்க. இந்த ஒரு பார்வையை மட்டும் நீங்க பழகிட்டீங்கன்னா எங்களுக்குப் பாதி பயம் போயிரும்.

ரிவர்ஸ்ல வெளிய வர்றதை முடிஞ்சவரை விட்ருங்க. உள்ள வர்றப்பவே ரிவர்ஸ்ல ஏத்தி நிறுத்திட்டா வெளிய வர்றப்போ முகம் முன்னாடி இருக்கும். ரிவர்ஸ்ல வந்தா உங்க கண்ணுக்கும் வண்டி முனைக்கும் இடையில முழு பின் சீட்டும் டிக்கியும் இருக்கு. கேமரா இருக்கேன்னு சொல்லுவீங்க, கேமரா பின் பம்பர் பக்கத்துலதான் இருக்கு, பம்பர் சுவரைத் தாண்டற வரைக்கும் அதுவும் ரெண்டு பக்கச் சுவரைத்தான் காட்டும், பாதையைக் காட்டாது. வேற வழியே இல்லைன்னா வீட்ல ஒருத்தரைப் பாதையில நிக்க வெச்சுட்டு எடுங்க, அவங்க வண்டிக்குப் பின்னாடி நிக்கக் கூடாது, பக்கத்துல, உங்க கண்ணாடியில தெரியற மாதிரி நிக்கணும்.

கேட் ஓரச் செடியை இடுப்புக்குக் கீழ வெட்டி வைங்க, சின்னப் பசங்க சைக்கிள்ல உக்காந்தா தலையே அவ்வளவு உயரத்துலதான் இருக்கும். எதிர்ல குவி கண்ணாடி மாட்டறது நல்லதுதான், ஆனா அதுல எல்லாம் சின்னதா, தூரத்துல இருக்கற மாதிரி தெரியும், ஒரு சைக்கிள் வருதான்னு தெரிஞ்சுக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்க, எவ்வளவு தூரத்துல வருதுன்னு அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. ரெண்டு நிமிஷம்தானேன்னு பாதை மேலயே வண்டியை ஏத்தி நிறுத்தறவங்களுக்கும் ஒரு வார்த்தை, அந்த ரெண்டு நிமிஷத்துல வீல்சேர்ல வர்றவரும் குழந்தையோட வர்ற அம்மாவும் ரோட்ல இறங்கி உங்க வண்டியைச் சுத்திப் போகணும், தயவு செஞ்சு நிறுத்தாதீங்க.

காரை ஓரமா நிறுத்திட்டு இறங்கறப்போ கதவுக்குத் தூரமா இருக்கற கையால திறங்க. வலது பக்கக் கதவுன்னா இடது கை. அப்படி கையை நீட்டினா உடம்பு தானா திரும்பும், கண்ணு பின்னாடி பாதையைப் பாக்கும். நெதர்லாந்துப் பேரு வெச்சு டச்சு ரீச்னு சொல்லுவாங்க, பிரிட்டன்ல 2022 ஜனவரியில ஹைவே கோடுங்கற சாலை விதிப் புத்தகத்தைத் திருத்தினப்போ இதை அதுலயே சேர்த்துட்டாங்க. பின் சீட்ல, பாதைப் பக்கம் உக்காந்திருக்கற குழந்தைங்களுக்கும் சொல்லிக் குடுங்க, பாதையில போற சைக்கிள்ல அடிக்கற கதவு பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கதவுதான்.

பாதையில நடக்கறவங்களும் இருக்காங்க

வண்டியைப் பாத்து பயப்படற நாம நடக்கறவங்களுக்கு வண்டியா இருக்கோம்ங்கறதை மறந்துரக் கூடாது. பல நாடுகள்ல நீல வட்டப் பலகையில ஆளும் சைக்கிளும் வரைஞ்சிருப்பாங்க, நடுவுல நெட்டுக் கோடு இருந்தா ஆளுக்கு ஒரு பக்கம் தனியா, அந்தக் கோடு இல்லைன்னா முழுப் பாதையும் ரெண்டு பேருக்கும் பொது, அப்போ நாமதான் வழி விட்டுப் போகணும்.

மணியை 10, 15 மீட்டர் முன்னாடியே ஒரு தடவை மெதுவா அடிங்க. முதுகுக்குப் பக்கத்துல வந்து அடிச்சா பதறிப் போய் நம்ம சக்கரத்துக்கு முன்னாடியேதான் குதிப்பாங்க. அடிச்சும் திரும்பலைன்னா காது கேக்காதவரா இருக்கலாம், திரும்பத் திரும்ப அடிச்சு என்ன பிரயோஜனம், நடக்கற வேகத்துக்கு வந்து ஒரு கை நீட்டினாலும் படாத இடைவெளி விட்டுப் போங்க. வெள்ளைக் கோல் வெச்சிருக்கறவரைப் பாத்தா கிட்ட வந்து வாயால சொல்லிட்டு, அவரு தலையசைச்ச பிறகு போங்க. பேசிட்டு நடக்கற ரெண்டு பேரு மணி கேட்டதும் ஆளுக்கு ஒரு பக்கம் பிரிஞ்சா அந்த நடுவுல நுழையாதீங்க, அடுத்த நொடி ஒருத்தரு இன்னொருத்தர் பக்கம் தாவுவாரு. அம்மா ஒரு பக்கம் குழந்தை ஒரு பக்கம் நின்னா குழந்தை கண்டிப்பா அம்மாகிட்டதான் ஓடும், அங்க காலை ஊனி நின்னுருங்க. நாய் ஒரு ஓரம், பிடிச்சிருக்கறவரு இன்னொரு ஓரம்னா நடுவுல வாரு இருக்கு, மாலை வெளிச்சத்துல அது கண்ணுக்கே தெரியாது.

மோதிட்டா என்ன பண்றது

உடனே எழுந்து நிக்காதீங்க. அதிர்ச்சியில வலி தெரியாது, எனக்கு அப்போ வயித்துல ஒரு சிராய்ப்பு மட்டும்தான் தெரிஞ்சுச்சு, ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு எழுந்தேன். கழுத்து வலி, கை கால் மரத்துப் போன மாதிரி இருந்தா அசையாம படுத்திருங்க, பக்கத்துல இருக்கறவங்க தூக்கி உக்கார வைக்க வருவாங்க, வேணாம்னு சொல்லுங்க. ஹெல்மெட்டையும் இழுத்துக் கழட்ட விடாதீங்க, மூச்சு விட முடியாத நிலைமைனா மட்டும்தான். ரத்தம் வந்தா சுத்தமான துணியை வெச்சு அழுத்திப் பிடிச்சுட்டே இருக்கணும், அடிக்கடி எடுத்து எடுத்துப் பாக்கக் கூடாது. அவசர நம்பருக்குப் போன் போடுங்க, நிறைய நாட்டுல 112 வேலை செய்யும்.

ஹேண்டில்பார் முனை வயித்துல குத்தினதைச் சாதாரணமா விடாதீங்க, குறிப்பா குழந்தைங்களுக்கு. வெளிய ஒரு ரூபா அளவு வட்டமா சிவந்திருக்கும், உள்ள கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ அடி வாங்கியிருக்கலாம், வலி பல மணி நேரம் கழிச்சுதான் ஏறும். எனக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் ஏறுச்சு, நல்லவேளையா போய் ஸ்கேன் பண்ணினதுல உள்காயம் இல்லைன்னு தெரிஞ்சுச்சு, ஆனா காலையிலேயே போயிருக்கணும். தலையில அடிபட்டிருந்தா ரெண்டு நாளைக்காவது கூட ஒருத்தரு இருக்கணும், வாந்தி, கூடிட்டே போற தலைவலி, சொன்னதையே சொல்றது, எழுப்பினாலும் எழாத தூக்கம், ரெண்டு கண்மணியும் வேற வேற அளவுல தெரியறது, இதுல எது வந்தாலும் அந்த நேரமே ஆஸ்பத்திரி.

முடிஞ்சா வண்டிங்களை நகர்த்தறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துருங்க. உடைஞ்ச இடத்தை மட்டும் கிட்ட வெச்சு எடுக்காதீங்க, கேட்டு, தூணு, செடி, பாதையோட அகலம் எல்லாம் தெரியற மாதிரி தூரத்துலேர்ந்து எடுங்க, டிரைவர் சீட் உயரத்துலேர்ந்து ஒண்ணு எடுக்க முடிஞ்சா இன்னும் நல்லது. நம்பர் பிளேட்டு, பாத்தவங்க போன் நம்பர், நேரம், வெளிச்சம் எப்படி இருந்துச்சு, எல்லாத்தையும் அன்னைக்கே எழுதி வைங்க. பக்கத்துல கேமரா இருந்தா அன்னைக்கே கேளுங்க, நிறைய இடத்துல சில நாள்ல பழசு மேல புதுசு பதிவாகிரும். யாரு தப்புன்னு அங்கயே சண்டை போட வேணாம், நடந்ததை மட்டும் சொல்லுங்க.

ஹெல்மெட்டு தரையில அடிச்சிருந்தா வெளிய கீறல் கூட இல்லைன்னாலும் மாத்திருங்க, உள்ள இருக்கற தெர்மாகோல் மாதிரி நுரை ஒரு தடவை நசுங்கி அடியை வாங்கிக்கறதுக்குத்தான், மறுபடி பழைய நிலைக்கு வராது. சைக்கிளை வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகாதீங்க, தள்ளிட்டுப் போங்க. முன் சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி விட்டு பிரேக் கட்டைகளுக்கு நடுவுல ஆடுதான்னு பாருங்க, சக்கரத்தைத் தாங்கற ஃபோர்க்கு மேல கழுத்துல சேர்ற இடத்துலயும், ஃபிரேமோட ரெண்டு குழாய் அந்தக் கழுத்துக்குப் பின்னாடி ஒட்டியிருக்கற இடத்துலயும் விரலால தடவிப் பாருங்க, பெயின்ட்ல முடி மாதிரி ஒரு கோடோ சின்ன மடிப்போ இருந்தா மெக்கானிக்கிட்ட காட்டற வரைக்கும் ஏறவே ஏறாதீங்க. என் சைக்கிள்ல அந்த மடிப்பு இருந்துச்சு, மேல பார்த்தா தெரியல, கழுத்துக்குக் கீழ்ப்பக்கம் விரல் வெச்சப்பதான் தட்டுப்பட்டுச்சு.